சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவைத் திறங்கள்

போரிலிருந்து தப்பி வந்த அகதிப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை மையம் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? முதலில் காலண்டரை எடுத்து அடுத்த ஒரு வருடத்துச் சனிக்கிழமைகளை எண்ணிப் பாருங்கள். தைப்பூசம், நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள், தீபாவளி என்று கழித்தாலும் 45-க்குக் குறையாது. அத்தனை நாளும் காலை பத்து மணிக்கு அதே ஆள் வந்து அதே கதவைத் திறக்க முடியுமா? முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை. போரில் ஆட்கள் திடீரென்று காணாமல் போவதைப் பார்த்த பிள்ளைகளிடம், மூன்று மாதம் அன்பாகப் பழகிவிட்டு நாமும் காணாமல் போனால் அது உதவி இல்லை. அதற்குப் பதில் ஏற்கெனவே நடக்கிற ஒரு மையத்துக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுக்கலாம், அது நிஜமாகவே உபயோகமாக இருக்கும்.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் அப்படியொரு மையத்தை ஆறு வருடமாக நடத்துகிறோம். எப்படித் தொடங்குவது என்று வாராவாரம் யாராவது கேட்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கோலாலம்பூரில் இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2009 மே மாதம் முடிந்த இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் உண்டு. போர் முடிந்த பிறகு பிறந்திருந்தாலும் வீட்டுக்குள் அது இன்னும் முடியாமல் இருக்கும். எண்ணிக்கையில் அதிகம் மியன்மாரிலிருந்து வந்தவர்கள்: ரொஹிங்யா, சின் குடும்பங்கள். 2017, 2021 என்று ஒவ்வொரு முறை அங்கே பற்றி எரியும்போதும் புதிய முகங்கள் வரும். மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால் கையில் யூஎன் கார்டு (ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுக்கும் அடையாள அட்டை) இருந்தாலும் பெற்றோருக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை, பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியும் இல்லை. சமூகத்தினரே நடத்தும் கற்றல் மையங்கள்தான் பள்ளி. போர் அங்கே முடிந்தாலும் பயம் இங்கே வரைக்கும் கூடவே வந்திருக்கிறது. ரோட்டில் ஒரு போலீஸ் வண்டி நின்றால் அம்மா கையை இறுக்கிப் பிடிப்பதைப் பிள்ளை கவனிக்காமலா இருக்கும்?

சரி, இடத்துக்கு வருவோம். பெரிய இடம் தேவையில்லை, ஆனால் கிரில் கதவைப் பற்றி யோசியுங்கள். கேஎல்லில் (கோலாலம்பூரில்) நமக்கு உள்ளே வந்ததும் கிரில்லை இழுத்துப் பூட்டுப் போடுவது கை தானாகச் செய்கிற வேலை. எங்கள் முதல் வாரத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். பூட்டு விழுந்த சத்தத்தில் அறையே அமைதியாகிவிட்டது. எனக்குப் புரியவே பத்து நிமிடம் ஆனது. இப்போது பூட்டுக்குப் பதில் ஓர் ஆளைக் கதவருகில் உட்காரவைக்கிறோம். கதவு திறந்திருப்பதும், வேண்டுமென்றால் வெளியே போகலாம் என்பதும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழிவறைத் தாழ்ப்பாளும் அப்படித்தான்: சிலர் தாழ் போடமாட்டார்கள், கூட்டாளி ஒருவன் வெளியே நிற்கட்டும். படம் போட்டுக் காட்டினாலும் விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம்.

அடுத்தது, எல்லாவற்றிலும் முக்கியமானது: கேட்காதீர்கள். எந்த ஊர், அப்பா எங்கே, அங்கே என்ன நடந்தது, எதுவும் வேண்டாம். நம் ஆட்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், புதிதாக ஒருவரைப் பார்த்தால் ‘எந்த ஊரு, அப்பா என்ன வேலை’ என்றுதானே தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மொத்த வேலையையும் மூன்று சொல்லில் அடக்குகிறது: பார், கேள், இணை. இந்தக் ‘கேள்’ காது கொடுத்துக் கேட்பது, கேள்வி கேட்பது இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் புதிய தொண்டூழியர்களுக்கு இதை நான் இரண்டு தடவை சொல்வேன். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லவைத்தால் மனப்பாரம் குறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தக் கையேடே அப்படிச் செய்யாதே என்கிறது. பிள்ளை தானாகச் சொன்னால் கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். சொல்லாவிட்டால் பென்சில் சீவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். எல்லாரும் செருப்பைக் கழற்றிப் படியோரம் வைப்பார்கள், அவன் மட்டும் சப்பாத்தோடு கதவுக்குப் பக்கத்தில் உட்காருவான், வார் இறுக்கிக் கட்டியபடியே. ஒரு தொண்டூழியர் ‘கழற்றுப்பா’ என்று குனிந்தபோது காலை இழுத்துக்கொண்டான். விட்டுவிடச் சொன்னோம். பாய் அழுக்காகிறது, கழுவிக்கொள்ளலாம். பதினான்காவது வாரமோ என்னவோ, ஒரு சப்பாத்து மட்டும் கழன்று பக்கத்தில் இருந்தது. அதற்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை, கைதட்டவில்லை. அதற்கு அடுத்த வாரம் இரண்டும் படியோரம் இருந்தன.

நேர அட்டவணை ஒன்று சுவரில் ஒட்டுங்கள், எழுத்தில் இல்லை, படமாக. எங்களுடையது இப்படி: வந்ததும் பெயர்ப் பலகையில் தன் அட்டையைத் தானே மாட்டுவது, பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒரு பாட்டு, விளையாட்டு, பதினொன்றரைக்குச் சாப்பாடு, அப்புறம் வரைவது அல்லது களிமண், ஒரு மணிக்கு அதே பாட்டோடு முடிவு. சலிப்பாக இருக்கிறது என்று புதிய தொண்டூழியர் யாராவது எப்போதும் சொல்வார்கள். சலிப்பாகத்தான் இருக்கவேண்டும். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து மாதிரி, மாஜிக் ஷோவும் பரிசுப் பையும் வருடத்துக்கு ஒருமுறை போதும்.

விளையாட்டுக்குக் காசு செலவு செய்யாதீர்கள். ஐந்தாங்கல் ஒன்று போதும், இங்கே பத்து செரம்பான் (மலாயில் ‘பத்து’ என்றால் கல்) என்று துணிப்பைக்குள் அரிசி தைத்து ஆடுவோமே அதுதான். நான் சொல்லிக்கொடுக்கப் போனேன், வன்னியிலிருந்து வந்த குடும்பத்துச் சின்னப் பெண் ‘இது கொக்கான் எல்லோ’ என்று பையை என் கையிலிருந்து வாங்கி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்றுதான் அவள் குரலையே நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். பல்லாங்குழிக்கு இங்கே சொங்காக் இருக்கிறது, கிளித்தட்டுக்கு காலா பஞ்சாங். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் அவர்களையே டீச்சர் ஆக்கிவிடுங்கள். ஆளைப் பிடித்து இறுக்குகிற, கண்ணைக் கட்டுகிற, ‘அவுட்’ ஆனவர்களை ஓரமாக நிற்கவைக்கிற ஆட்டங்கள் மட்டும் வேண்டாம்.

வரையும்போது ஹெலிகாப்டரும் தீயும் வரும். கறுப்புக் கலர் எடுத்தால் இது அர்த்தம், சிவப்பு எடுத்தால் அது அர்த்தம் என்று ஜோசியம் பார்க்காதீர்கள், சில நாள் கறுப்பு கிரேயான் மட்டும்தான் உடையாமல் இருக்கும். ‘அழகா இருக்கு’ என்று சொல்லவும் வேண்டாம், எரிகிற வீடு என்ன அழகு. ‘இதைப் பற்றி ஏதாவது சொல்லணுமா?’ என்று ஒருமுறை மட்டும் கேட்டு, இல்லை என்று தலையாட்டினால் விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் ஒரே படம், ஒரே மாதிரி, வரைந்து முடித்ததும் பிள்ளை இன்னும் சோர்ந்துபோனால் பக்கத்தில் உட்கார்ந்து ‘இந்த வீட்டுக்கு உதவிக்கு யார் வரலாம்?’ என்று மெதுவாகக் கேட்கலாம். படத்தைச் சுவரில் மாட்டுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு.

இப்போது சத்தம். கேஎல்லில் இருந்துகொண்டு இதைத் தயார்செய்யாமல் இருக்க முடியாது. தீபாவளிக்கு முன்பே பட்டாசு தொடங்கிவிடும், சீனப் பெருநாளுக்குப் பதினைந்து நாள் வெடிக்கும், சாயந்திரம் இடி. அணிவகுப்பு கேஎல்லில் நடக்கும் வருடங்களில், ஆகஸ்ட் கடைசியில் தேசிய தின ஒத்திகைக்காக விமானங்கள் தலைக்கு மேல் தாழ்வாகப் போகும். ஒத்திகை நடக்கும் நாட்களைச் செய்தியில் பார்த்துவைத்து முந்தின வாரமே சொல்லுங்கள்: சத்தம் வரும், அது அணிவகுப்புக்கு, முடிந்ததும் நாம் மைலோ குடிப்போம். முதல் வருடம் ஒரு பிறந்தநாளுக்கு நான் முப்பது பலூன் ஊதி வைத்தேன். ஒன்று ஃபேனில் பட்டு வெடித்தது. இரண்டு பேர் மேசைக்கு அடியில், ஒருத்தி தம்பியின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்களிடம் பலூன் கிடையாது, காகிதத் தோரணம்தான்.

அப்படி உறைந்துபோன பிள்ளையை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள். சற்றுத் தள்ளி, அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பெயரைச் சொல்லி, ‘இது செந்தூல். இன்றைக்குச் சனிக்கிழமை. நான் அக்கா. கீழே மாமாக் கடையில் ரொட்டி போடுகிற சத்தம் கேட்குதா?’ என்று இங்கே இருக்கிற ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கையில் ஐஸ் போட்ட கப் ஒன்றைக் கொடுத்தால் அந்தக் குளிர்ச்சி உதவும். மற்ற பிள்ளைகளை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம், இன்னொரு காரணம் எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது.

பல இனத்துப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். மட்டக்களப்பில் 1996-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில் கூட்டிவந்து, களிமண், வண்ணம், கதை, செடி, பிராணிகள் என்று ஒன்றாக விளையாடவிட்டார்கள். அவர்கள் ஊரிலேயே முடிந்தது இங்கே முடியாதா? ஆனால் மொழிக்கு ஏற்பாடு வேண்டும். அண்ணனையோ அக்காவையோ மொழிபெயர்க்கவைக்காதீர்கள், அது பிள்ளை சுமக்கிற பாரம் இல்லை. விளையாட்டுக்கு பாசார் மலாய், அதாவது கடைத்தெருவில் பேசுகிற எளிய மலாய், போதும். யாழ்ப்பாணத் தமிழை நம் தமிழுக்குத் திருத்தவும் வேண்டாம். நாம் ‘பசியாறிட்டியா’ என்று கேட்பது அவர்களுக்கும் விநோதமாகத்தான் இருக்கிறது.

சாப்பாடு சின்ன விஷயம்: சோறு, பருப்பு, முட்டை, ஒரு காய். ஹலால் பிரச்சினையும் இல்லை, மாட்டிறைச்சிப் பிரச்சினையும் இல்லை.

பெற்றோரை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் தேற்றிவிட முடியாது. போரில் காயப்படுவது தனி மனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருடமாக எழுதிவந்திருக்கிறார். அதனால் அம்மாக்களுக்கு ஒரு மூலையும் ஒரு ஃபிளாஸ்க் தேநீரும் வையுங்கள். அங்கேதான் நிஜமான சேதி வரும்: பத்து வயதுப் பையன் படுக்கையில் ஒன்றுக்குப் போகிறான், வெட்கமாக இருக்கிறது, அடித்துவிட்டேன். அது பயத்தில் வருவது, வேண்டுமென்று செய்வதில்லை, அடித்தால் கூடும் என்று சொல்லுங்கள். அந்த அம்மாவும் தூங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, விளையாட்டு, ஒரே முகங்கள் என்று இதுவே போதும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, பேச்சு நின்றுபோனது, தன்னைத்தானே காயப்படுத்துவது, சாகவேண்டும் என்ற பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் நாம் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சாவைப் பற்றிய பேச்சு என்றால் அன்றைக்கே. அரசாங்க மருத்துவமனையில் யூஎன் கார்டுக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. அந்தப் பாதியே அவர்களுக்குப் பெரிய தொகை, அதற்கென்று ஒரு டப்பாவில் பணம் ஒதுக்கி வையுங்கள். கூடவே ஒருவர் போகவேண்டும், விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்புவது அந்தக் கையேடு சொல்லும் ‘இணை’ ஆகாது. பிள்ளையை யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண் 15999-க்கு அழையுங்கள், நாமே பஞ்சாயத்து பேசக் கூடாது.

படம் எடுத்துப் போடாதீர்கள். முகத்தை மறைத்தாலும் வேண்டாம், கடைவீட்டின் பெயர்ப் பலகை பின்னால் தெரிந்தால் போதும், யார் எங்கே எத்தனை மணிக்கு இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நன்கொடையாளர் ஒருவர் பிள்ளைகளோடு நின்று காசோலைப் படம் எடுக்கவேண்டும் என்றார், முடியாது என்றோம், காசோலையும் வரவில்லை. அந்த மாதம் முட்டையைக் குறைத்தோம்.

கடைசியாக, பிரிவு. சில குடும்பங்களுக்குத் திடீரென்று மூன்றாம் நாட்டுக்குப் போக அனுமதி வரும், சில குடும்பங்கள் சொல்லாமலே வேறு இடம் மாறிவிடும். சொல்லிவிட்டுப் போகிற பிள்ளைக்கு, பெயர் அட்டையைப் பலகையிலிருந்து கழற்றிக் கையில் கொடுங்கள், மற்றவர்கள் பின்பக்கத்தில் தங்கள் எழுத்தில் பெயர் எழுதட்டும். சொல்லாமல் போன பிள்ளையின் அட்டையை மாட்டிய இடத்திலேயே விட்டுவையுங்கள். ‘அவன் எங்கே’ என்று கேட்பார்கள். ‘தெரியவில்லை, நானும் அவனைத் தேடுகிறேன்’ என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடங்குங்கள். எங்கள் பலகையில் இப்போது அப்படி ஏழு அட்டை இருக்கிறது. அப்படி இருந்த இன்னொன்றை, ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து, அதற்குரிய பையனே வந்து தானே எடுத்து மாட்டினான். உயரம் கூடியிருந்தான், ஆணி இப்போது அவன் மார்புக்கு நேராக இருந்தது.