குழந்தையோடு வருபவர்களுக்கான பார்க்கிங்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம் பக்கம் புதிதாகக் குடிவந்து, முதல் குழந்தை பிறந்து, முதல் கார் வாங்கி, சனிக்கிழமை காலையில் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நம் ஆட்களைப் பார்க்கிறேன். வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தவிர்க்கலாம். பிள்ளையே இல்லாமல் அந்த இடத்தில் வண்டியை விடக்கூடாது என்பதை எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

கடை வாசலுக்குக் கிட்டே, தரையில் பிராம் தள்ளும் படமோ பெரியவர் கையைப் பிடித்த குழந்தையின் படமோ வரைந்திருக்குமே, அந்த இடங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். இங்கே எல்லோரும் ‘பேரன்ட் அண்ட் சைல்ட்’ என்பார்கள். இதை ஒதுக்கித்தான் ஆக வேண்டும் என்று கடைகளுக்குச் சட்டம் எதுவும் இல்லை, அவர்களாகச் செய்துகொடுக்கும் வசதி. அதனால் எந்த வயதுவரை என்பதும் கடைக்குக் கடை மாறும். 12 வயதுக்குள் என்று போட்டிருக்கும் இடங்கள் உண்டு, அதைவிடக் குறைவாகப் போட்டிருக்கும் இடங்களும் உண்டு. பலகையை ஒருமுறை படித்துவிட்டு நிறுத்துங்கள்.

குழந்தை இறங்காத காரை அங்கே விடுவது

எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் இதில்தான். கணவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பார், பின்சீட்டில் குழந்தை தூங்கும், மனைவி மட்டும் ‘பாலும் கொத்தமல்லியும் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்’ என்று இறங்கிப் போவார். காரில்தான் குழந்தை இருக்கிறதே, அப்புறம் என்ன என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கும் ஆள் இல்லை, பலகையில் உள்ளதை மீறியது போலவும் தெரியாது. ஆனால் அந்த இடத்தை அகலமாகப் போட்டதே கதவை முழுசாகத் திறப்பதற்காகத்தான். வாசலுக்குப் பக்கம் என்பது அதோடு சேர்ந்து வரும் ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

இங்கே சாதாரண பார்க்கிங் இடம் ஒன்றின் அகலம் வழக்கமாக 2.4 மீட்டர். 1.8 மீட்டர் அகலமுள்ள இரண்டு கார்கள் நடுவாக நின்றால் அவற்றுக்கு இடையே மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். அதில் கண்ணாடி வேறு நீட்டிக்கொண்டிருக்கும். கைக்குழந்தையைச் சீட்டோடு தூக்கி உள்ளே வைத்து அடிப்பாகத்தில் ‘கிளிக்’ என்று பொருந்தவைக்க வேண்டுமானால், கதவு விரியத் திறந்து, நாமும் பக்கவாட்டில் நின்று குனிய வேண்டும். ஒரு வயதுப் பிள்ளை என்றால் இன்னும் மோசம், பஞ்சு வைத்த குளிர்கோட்டோடு பெல்ட் போட்டால் பெல்ட் உடம்பில் சரியாகப் பிடிக்காது என்பதால், அந்தக் குளிரிலும் மழையிலும் நின்று கோட்டைக் கழற்றி, முறுக்கிக்கொள்ளும் பிள்ளையை உட்காரவைத்து, இரண்டு தோளிலும் பட்டையை இழுத்து, பிறகு கோட்டை மேலே போர்த்திவிட வேண்டும். இதை 60 சென்டிமீட்டரில் செய்ய முடியாது.

செய்ய முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் போன குளிர்காலத்தில் ஒரு கடை வாசலில் நேரிலேயே பார்த்தேன். படம் போட்ட இடங்கள் எல்லாம் நிரம்பியிருந்ததால் ஒரு பெண் சாதாரண இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தால் பக்கத்தில் ஒரு பெரிய வேன் ஒட்டி நிற்கிறது, பின்கதவு ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் குழந்தையை டிராலியிலேயே விட்டு, டிராலியைக் கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தி, காரை ரிவர்ஸ் எடுத்து நடுவழியில் கொண்டுவந்து வைத்துக் குழந்தையை ஏற்றப் பார்க்கிறார். தரை லேசாகச் சரிவு. டிராலி மெல்ல நகர ஆரம்பித்தது. ரிவர்ஸ் எடுக்கும் தாய் கண்ணாடியில் டிராலியைப் பார்ப்பாரா, பின்னால் வரும் காரைப் பார்ப்பாரா? நான் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாவின் கை நடுங்கியது நிற்க ரொம்ப நேரம் ஆனது.

அந்த நேரம் முழுக்க, படம் போட்ட வரிசையில் நம் தம்பி ஒருவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னேன். ‘பாப்பா இருக்கே அண்ணா’ என்று பின்சீட்டைக் காட்டினார். கெட்ட எண்ணமே கிடையாது, விவரம் சொன்னதும் உடனே வண்டியை எடுத்துவிட்டார். யாரும் அதுவரை சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்: குழந்தை இறங்கப் போவதில்லை என்றால், மனைவியை வாசலில் இறக்கிவிட்டுக் கார் பார்க்கின் கடைசி மூலைக்குப் போய் நில்லுங்கள். தூங்குகிற குழந்தைக்கு வாசல் பக்கமாக இருந்தால் என்ன, தூரமாக இருந்தால் என்ன. வாங்கி முடித்ததும் ஒரு போன் அடித்தால் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளலாம்.

இதைச் சொன்னால் சிலர் வேறு பக்கம் சாய்கிறார்கள், ‘சரி, ரெண்டு நிமிஷம்தானே’ என்று குழந்தையைத் தனியாகக் காரில் விட்டுவிட்டு இருவரும் உள்ளே போகிறார்கள். எந்த வயதுக்குக் கீழே தனியே விடக்கூடாது என்று இங்கே சட்டத்தில் எண் கிடையாது, ஆனால் ஆபத்துக்குள்ளாகும்படி விடுவது குற்றம், பெற்றோர்மேல் வழக்குத் தொடரலாம். செய்யவே செய்யாதீர்கள்.

குழந்தை சீட் மட்டும் இருக்கும் கார்

சீட் போதாது. குழந்தை வர வேண்டும்.

குறுக்குக்கோடு போட்ட பகுதியில் சக்கரத்தை ஏற்றுவது

அது கதவு திறக்கும் இடம். காலியாகவே இருக்கட்டும்.

நிரம்பிவிட்டது என்று நீல அட்டை இடத்துக்குள் போவது

நீல அட்டை (Blue Badge) என்பது மாற்றுத்திறனாளிகளுக்குக் கவுன்சில் தரும் பார்க்கிங் அனுமதி. அவர்களுக்கான, சக்கர நாற்காலிப் படம் போட்ட இடங்கள் காலியாகக் கிடக்கும், நம் வரிசை நிரம்பியிருக்கும், மழை வேறு பெய்யும். மனம் அங்கே போவது இயல்பு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நமக்கு ஒதுக்கியது கடையின் தயவு. மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செய்துதருவது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி கடையின் கடமை. உங்கள் குழந்தையை நீங்கள் தூரத்திலிருந்து தூக்கிக்கொண்டு நடக்கலாம், அந்த அட்டை வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. நீல அட்டை இல்லாமல் அங்கே அரை நிமிடம்கூட நிற்காதீர்கள்.

ஒரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை: கனமான மருத்துவக் கருவிகளை எப்போதும் உடன் கொண்டுபோக வேண்டிய, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் நீல அட்டை கிடைக்கும். அப்படிப்பட்ட நிலை உங்கள் வீட்டில் இருந்தால் கவுன்சிலில் விண்ணப்பியுங்கள், தயங்க வேண்டாம்.

ஆளைப் பார்த்தே சண்டைக்குப் போவது

தனியாக ஒருவர் இறங்கி நடந்தால் உடனே கண்ணாடியைத் தட்டக்கூடாது. மனைவியும் குழந்தையும் உள்ளே இருக்கலாம், இவர் ஏற்றிக்கொள்ள வந்திருக்கலாம். நீல அட்டை விஷயத்திலும் அப்படித்தான், 2019இலிருந்து இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் அட்டை கொடுக்கிறார்கள், ஆள் நன்றாக நடக்கிறாரே என்று நாம் சொல்ல முடியாது. நிஜமாகவே தப்பு என்று தெரிந்தால் கடையின் வாடிக்கையாளர் சேவை மேசையில் வண்டி எண்ணைச் சொல்லுங்கள். குழந்தை பக்கத்தில் நிற்கும்போது கார் பார்க்கில் குரல் உயர்த்துவதால் இடம் கிடைக்கப்போவதில்லை. வண்டி எண்ணோடு படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன். அடுத்த வாரம் அதே குழுவில் அவருடைய மனைவி அதைப் பார்க்க நேரும்.

கர்ப்பிணிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். பல கடைகளில் பலகைப்படி குழந்தை கூடவே இருக்க வேண்டும். ஆனாலும் நிறைமாதம் என்றால் முன்கூட்டியே உள்ளே போய்க் கேளுங்கள், நான் பார்த்தவரை முகம் சுளித்தவர்கள் இல்லை.

பார்க்கிங் கட்டணம் கேட்டு வந்த கடிதத்தைக் குப்பையில் போடுவது

‘தனியார் கம்பெனி அனுப்பும் கடிதம், ஒன்றும் செய்ய மாட்டார்கள், கிழித்துப் போடு’ என்று ஒரு அண்ணன் எல்லா ஊரிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கவுன்சில் போடுவது அபராதம். கடையின் கார் பார்க்கை நடத்தும் தனியார் நிறுவனம் அனுப்புவது, பலகையில் உள்ள நிபந்தனைகளை ஏற்று நிறுத்திய ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணம். இரண்டும் வேறு என்பது உண்மைதான், ஆனால் இரண்டாவதும் செல்லும். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதற்குப் போட்ட 85 பவுண்டு செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கண்டுகொள்ளாமல் விட்டால் கவுன்டி நீதிமன்றம் வரை போகும், அங்கே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகி ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் அந்தப் பதிவு ஆறு ஆண்டு உங்கள் கடன் வரலாற்றில் நிற்கும். வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போதுதான் அதன் வலி தெரியும்.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் மேல்முறையீடு செய்யுங்கள், குழந்தையோடு வந்ததற்குக் கடை ரசீது நல்ல சான்று: டயாபரும் குழந்தை உணவும் அதில் நேரத்தோடு இருக்கும். இன்னொன்று, வாசல் கேமரா நீங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை கணக்கெடுக்கிறது. இடம் தேடிச் சுற்றியதும், குழந்தைக்குக் காரில் பால் கொடுத்ததும் நிறுத்த அனுமதித்த நேரத்திலேயே கழியும்.

வாசல் பக்கமே சுற்றிச் சுற்றி வருவது

இடம் காலியாகட்டும் என்று பின்னால் வரும் வண்டிகளை மறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். நேராகத் தூரத்து வரிசைக்குப் போங்கள். வரிசையின் கடைசி இடம், ஒரு பக்கம் புல்லோ நடைபாதையோ இருப்பது, கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை உட்காரும் கதவு அந்தப் பக்கம் வரும்படி நிறுத்தினால் யார் வந்து ஒட்டி நின்றாலும் கவலை இல்லை. இரண்டு இடம் சமமாகக் கிடைத்தால் டிராலி திருப்பிவிடும் கூண்டுக்குப் பக்கத்தில் உள்ளதை எடுங்கள். முதலில் குழந்தையை ஏற்றிப் பெல்ட் போட்டு, பிறகு பையை ஏற்றி, காரைக் கண்ணில் வைத்தபடியே டிராலியை விட்டு அதில் போட்டிருந்த ஒரு பவுண்டு காசையும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.