இலவசத் தொழிற்பயிற்சி: சேரும்போதே சறுக்கும் இடங்கள்

எங்கள் தெருவில் ஒரு அக்கா மூன்று மாதம் ஒருநாள் விடாமல் தையல் பயிற்சிக்குப் போனார். அரசுப் பயிற்சி, காலணா செலவில்லை. முடித்து வந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெண் பிளவுஸ் துணியோடு வாசலில் நின்றாள். அக்காவுக்கு அளவெடுக்கவும் தெரியவில்லை, வெட்டவும் தெரியவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் மட்டும் கோணாமல், கடகடவென்று தைப்பார்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். 'தையல் இயந்திர ஆபரேட்டர்' என்று போட்டிருந்தது. கார்மென்ட்ஸ் கம்பெனியில் லைனில் உட்கார்ந்து காலரோ கையோ ஏதோ ஒரு பாகத்தை மட்டும் நாள் முழுக்கத் தைக்கிற வேலைக்கான பாடம் அது. வீட்டிலேயே மிஷின் போட நினைப்பவர் சேர வேண்டியது 'சுயதொழில் தையல்காரர்' என்ற வகுப்பு. ஆள் சேர்க்க வருகிறவர்கள் இரண்டையும் 'டெய்லரிங்' என்றுதான் சொல்வார்கள். அதனால் நோட்டீஸில் இருக்கும் பெயரை நம்பிச் சேராதீர்கள். ஜாப் ரோல், அதாவது எந்த வேலைக்கான பயிற்சி, எத்தனை மணி நேரம், திறன் தகுதிகளைப் படிநிலையாக வரிசைப்படுத்தும் தேசியக் கட்டமைப்பான என்.எஸ்.க்யூ.எஃப்.-ல் எந்த நிலை என்று சென்டரில் கேளுங்கள். முடிந்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேட்ச்சை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

திட்டத்தின் நோக்கத்தைப் பார்க்காமல் சேர்வது அடுத்த தவறு. தீன் தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் (டி.டி.யு.-ஜி.கே.ஒய்.) சம்பள வேலைக்கு ஆள் அனுப்புவதற்காக 2014-ல் வந்தது. ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் அப்படியல்ல. 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி என்ற பயிற்சி நிறுவனத்தின் மாதிரியில் வங்கிகள் நடத்துபவை இவை. சொந்தத் தொழில் தொடங்க வைப்பதுதான் வேலை. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். இங்கே படித்துவிட்டு 'எப்போ சார் வேலை போடுவீங்க?' என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் வங்கிக் கடனுக்கும் ஆலோசனைக்கும் கூட நிற்பது இவர்கள் முறை. பலரோ சான்றிதழை வாங்கியதும் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

பத்து வருடமாகக் கொத்தனார் வேலை பார்ப்பவர், கரண்டி பிடிப்பது எப்படி என்ற வகுப்பில் போய் உட்காரத் தேவையில்லை. கூலியும் போகும், பொழுதும் போகும். கையில் தொழில் இருப்பவர்களுக்கென்றே ஆர்.பி.எல். (ஏற்கெனவே கற்ற திறனுக்கு அங்கீகாரம்) என்ற வழி இருக்கிறது: சுருக்கமான அறிமுக வகுப்பு, பிறகு தேர்வு, சான்றிதழ். இதைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

பெயர் விஷயம் நம்மூருக்கே உரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் பின்னால், டி.சி.யில் முன்னால், பாஸ்புக்கில் கணவர் பெயர். பதிவு ஆதாரை வைத்தே நடப்பதால் சான்றிதழிலும் அதே பெயர்தான் விழும். திருத்த வேண்டியதைச் சேரும் முன்பே திருத்திவிடுங்கள். ஓ.டி.பி. வரும் போன் நம்பர் இப்போதும் உங்களிடம்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதிவுக் கட்டணம், சீட் பிடிக்க என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் மார்க் ஷீட்டைக் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக்கூடாது, ஜெராக்ஸ் போதும்.

வருகைப் பதிவு பயோமெட்ரிக். வளைகாப்பு, காதுகுத்து என்று விடுப்பு சேர்ந்துகொண்டே போனால் கடைசியில் அசெஸ்மென்ட்டில் உட்கார விடமாட்டார்கள். மதிப்பிட வருபவர் வெளியாள் என்பதால் சென்டர்காரர் மனது வைத்தும் பயனில்லை.

எலக்ட்ரீஷியன் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒரு விஷயம். அந்தச் சான்றிதழும் வயர்மேன் லைசென்ஸும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் லைசென்ஸ் தருவது மின் உரிம வாரியம். அதற்கு நீங்கள் எடுக்கப்போகும் பயிற்சி தகுதியாகுமா என்று வாரியத்தில் முதலில் கேட்டுவிட்டு, பிறகு படிவத்தை வாங்குங்கள்.