வரிசை மாறிய வாக்கியங்களும் வருடக் கணக்கும்

வரிசை மாற்றித் தந்த வாக்கியங்களைச் சரியாக அடுக்கச் சொல்லும் கேள்விக்கு, மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது ஆள்தான் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. எங்கள் காலத்துப் பிழைகளே இன்றும் வருகின்றன. அதிலும் வானிலைக் கருவிகள் பற்றிய பத்தி வந்துவிட்டால் போதும். கேள்வியைச் சரியாகப் படிப்பது, நேரத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டைப் பார்த்து அடுக்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். இந்த நான்கைப் பாருங்கள்:

அ. அந்தக் கருவியில் பாதரச மட்டம் அடிவாரத்தைவிட உச்சியில் 8 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்து நின்றது.
ஆ. அதற்கு விடை காண, அவருடைய அக்காள் கணவர் பெரியே 1648இல் பியூய் தெ தோம் என்ற மலையில் ஏறினார்.
இ. அவர் கொண்டுபோனது, 1643இல் டாரிசெல்லி உருவாக்கிய பாதரசக் காற்றழுத்தமானி.
ஈ. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையுமா என்ற கேள்வி பாஸ்கலுக்கு எழுந்தது.

பாதிப் பேர் இ-யை முதலில் வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "1643 முன்னாடி வருதே சார்" என்கிறார்கள். சரி, 'அவர் கொண்டுபோனது' என்றால் எவர்? எங்கே? ஒரு மாணவர் விடவில்லை: "வரலாறுன்னா வருஷ வரிசைதானே?" நடந்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. சொல்பவர் கேள்வியில் தொடங்கி, மலையேறியவரைக் காட்டி, அவர் கையில் இருந்ததை விளக்க நடுவில் ஐந்து ஆண்டு பின்னால் போகிறார். 'அதற்கு விடை' என்பது கேள்விக்குப் பின்னால்தான் வரும். 'அந்தக் கருவி' கருவியின் பெயருக்குப் பின்னால்தான். ஈ, ஆ, இ, அ. ஆண்டுகளை விரலால் மறைத்துவிட்டுப் படித்திருந்தால் இந்த மதிப்பெண் போயிருக்காது.

தெரிந்த அறிவியலை உள்ளே இழுப்பது

1742இல் செல்சியஸ் முன்வைத்த அளவுகோலில் நீர் கொதிக்கும் நிலை 0, உறையும் நிலை 100. பின்னால்தான் அது தலைகீழானது. இதைத் தெரியாதவர்கள், 'கொதிநிலைக்கு 0 என்று குறித்தார்' என்ற வாக்கியத்தை அச்சுப்பிழை என்று நினைத்துக் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் 'இந்த முறை பிறகு மாற்றப்பட்டது' என்ற வாக்கியம் ஒட்ட இடமில்லாமல் நிற்கும். உங்கள் பாடப்புத்தகத்தை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

ஒருமை, பன்மையைக் கவனிக்காதது

'இவற்றின் மீது நேர்வெயில் படக் கூடாது' என்று ஒரு வாக்கியம். அதற்கு முன்னால் ஒரே ஒரு மழைமானி இருந்தால் ஒட்டாது. 'உயர்ந்தபட்ச, குறைந்தபட்ச வெப்பமானிகள் ஸ்டீவன்சன் பெட்டிக்குள் (கருவிகளை வெயிலிலிருந்து காக்கும் பெட்டி) இருக்கும்' என்ற வாக்கியத்தைத் தேடுங்கள், இந்த இரண்டு வாக்கியங்களும் ஜோடி.

முதல் வாக்கியத்துக்காகவே காத்திருப்பது

கிடைக்கவில்லையா, விடுங்கள். ஒட்டும் ஜோடி ஒன்று போதும். தேர்ந்தெடுக்கத் தந்திருக்கும் விடைகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

அடுக்கியபின் படிக்காமல் விடுவது

வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உதடு அசைந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார். முறைக்கட்டும்.