உட்டியாண பந்தம்: வயிற்றில் குழி விழாததற்குக் கிடைத்த வழி

தொப்புள் பகுதிச் சக்கரமான மணிபூரகத்துக்கென்று யோகப் பயிற்சி தொடங்கி, மூச்சை விட்டபின் வயிறு உள்ளே குழிய வேண்டிய உட்டியாண பந்தத்தில் மாட்டிக்கொண்டேன். மூச்சை விட்டுவிட்டு வயிற்றை இழுத்தால் தொப்புளைச் சுற்றி இறுகுமே தவிர, விலாவுக்குக் கீழே குழி விழாது. போதாததற்கு இருமல் வேறு.

மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைக் கூட்டினேன், நெஞ்செரிச்சல்தான் மிச்சம். ஜாதகத்தில் சூரியன் துலாத்தில் நீசம் என்றார் ஜோதிடர். ஞாயிறுதோறும் சூரிய நமஸ்காரம், கோதுமை தானம் எல்லாம் ஆயிற்று. சீக்கிரம் எழும் பழக்கம் வந்தது, அது லாபம். குழி விழவில்லை.

கடைசியில் கைகொடுத்தது விலா எலும்புதான். முழங்காலைச் சற்று மடக்கி, கைகளைத் தொடையில் ஊன்றி, மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். பிறகு தொண்டையை அடைத்துக்கொண்டு, காற்றே வாங்காமல், மூச்சிழுப்பதுபோல் நெஞ்சை விரிக்க வேண்டும். வயிற்றை இழுக்கவே கூடாது, தளர்வாக விட்டுவிடுங்கள். உதரவிதானம் மேலேறும்போது வயிறு தானாக உள்வாங்கும். கண்ணாடியில் பார்த்தால் விலாவின் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அப்பாடா!

இருமலுக்குக் காரணம், வெளியே வரும்போது காட்டும் அவசரம். முதலில் வயிற்றை இறக்கி, பிறகு தொண்டையைத் திறந்து, அப்புறம்தான் மூச்சு. வெறும் வயிற்றில் மட்டும் செய்யுங்கள். உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம், வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே வேண்டாம்.