பழைய டீசல் ஜீப்பில் சூடு வரவில்லையா? ஹீட்டரைக் கழற்றாதீர்கள்

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஜீப் ஹீட்டரைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள். என் மச்சான் சிரித்தான். இங்கே கொட்டகையில் நிழலில் நிற்கும்போதே ஸ்டியரிங் கையைச் சுடும். ஆனால் போன தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரைக்காரர்களுக்குச் சாமான் ஏற்றிப் போன எங்கள் ஜீப், பூசம் முடிந்ததும் அப்படியே மலையேறியது. பூம்பாறை குழந்தை வேலப்பரையும் பார்த்துவிட வேண்டும் என்று அப்பத்தாவுக்கு ஆசை. கொடைக்கானலைத் தாண்டியதும் இருட்டிவிட்டது. பெருமையாக ஹீட்டரைத் திருகினேன். ஐஸ் காற்று. “ஏப்பா, இதுக்கு அந்தக் கண்ணாடியத் தெறந்தே வச்சிருக்கலாமே” என்றார் அப்பத்தா.

மறுநாள் காலை அதைவிட மோசம். வண்டி கிளம்பவே இல்லை. நாலு பேர் தள்ளி இறக்கத்தில் விட்டுத்தான் ஸ்டார்ட் செய்தோம். ஊர் திரும்பியதும் இரண்டு வாரம் மல்லுக்கட்டிச் சரி செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

வண்டி மஹிந்திரா எம்எம் 540. உள்ளே பியூஜோவின் எக்ஸ்டிபி 4.90 டீசல் என்ஜின், 2112 சிசி. வேறு பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ரேடியேட்டர் தண்ணீரை இறக்குவது, பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஹீட்டர் பிளக்

ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊர் மெக்கானிக்குகள் ‘ஹீட்டர் பிளக்’ என்று சொல்வது குளோ பிளக்கை. என்ஜின் கிளம்பும் முன் எரியும் அறையைச் சூடாக்குவது அது. உட்காரும் இடத்தைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘ஹீட்டர் வேலை செய்யலண்ணே’ என்று பட்டறையில் சொன்னதற்கு நாலு பிளக்கையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பிளக்கிலும் கோளாறு இருந்தது என்பது வேறு கதை. செட்டிநாட்டில் நாலில் மூன்று பிளக் செத்துப்போனாலும் உங்களுக்குத் தெரியாது. விடிகாலையில்கூட 22, 23 டிகிரி இருக்கும்; இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி வண்டி கிளம்பிவிடும். மலையில் 7 டிகிரியில்தான் சாயம் வெளுக்கும்.

சோதிப்பது சுலபம். நாலு பிளக்கையும் சேர்க்கும் தகட்டை முதலில் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் சோதித்தால் ஒரு நல்ல பிளக் மற்ற மூன்றையும் நல்லதாகக் காட்டிவிடும். நான் அங்கேதான் ஒரு நாளைத் தொலைத்தேன். பிறகு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை. எரியாவிட்டால் பிளக்கைத் தூக்கிப் போடலாம். இந்த வேலைக்கு மல்டிமீட்டரைவிட எனக்கு டெஸ்ட் லேம்ப்தான் பிடிக்கும். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில்தான் காட்டும். மலிவான மீட்டரில் அதன் சொந்த ஒயரே அரை ஓம் சேர்த்துச் சொல்லும்.

மலைக்குளிரில் சாவியைத் திருப்பி 15, 20 வினாடி பிளக்கைச் சூடாக விட்டு, அப்புறம் செல்ஃப் அடியுங்கள்.

என்ஜின் ஏன் சூடாகவே இல்லை?

சரி, பிளக் மாற்றியாயிற்று. வண்டி கிளம்புகிறது. ஹீட்டர் மட்டும் அதே ஐஸ் காற்று. ஹீட்டர் கோர் (என்ஜினின் சூடான தண்ணீர் ஓடும் சின்ன ரேடியேட்டர்) அடைத்திருக்கும் என்று நினைத்து டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து அதைக் கழற்றினேன். பளிச்சென்று சுத்தமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நீங்கள் அதைச் செய்யாதீர்கள். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். ஃபேனையும் பெல்ட்டையும் கவனித்து, லுங்கி கட்டிக்கொண்டு வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு. அது இருக்கும் வண்டியில் அந்த ஹோஸ் பல நிமிடம் குளிர்ந்தே இருக்கும்; வால்வு திறந்ததும் சட்டென்று சூடேறும். தொடக்கத்திலிருந்தே என்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அங்கே இல்லவே இல்லை.

என் வண்டியில் இல்லவே இல்லை. எப்போதோ எவரோ கழற்றி எறிந்துவிட்டு மூடியை மட்டும் மாட்டியிருக்கிறார். நம் பக்கத்தில் இது பெரிய வியாதி. ‘வெயில் ஊருக்கு இது எதுக்குண்ணே, என்ஜின் சூடாகும்’ என்பார்கள். முழுக்கத் திறந்த தெர்மோஸ்டாட் தண்ணீரைத் தடுப்பதில்லை. வண்டி கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பையும் மூடியையும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் என்ஜின் குளிரில் ஓடிக்கொண்டே இருக்கும்: டீசல் கூடக் குடிக்கும், கரி படியும், சிலிண்டர் தேயும். என்ஜின் தண்ணீரே சூடாகாதபோது அந்தத் தண்ணீரை வைத்து நம்மைச் சூடாக்கும் ஹீட்டர் என்ன செய்யும்?

புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் சமையலறையில் சோதித்துவிடுங்கள். வால்வின் வாயில் ஒரு நூலைக் கவ்வக் கொடுத்து, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். வால்வு திறக்கும் கணத்தில் நூலை விட்டுவிட்டு ‘டொக்’ என்று விழும். அப்போது தெர்மாமீட்டரில் பாருங்கள். என்னுடையதில் 82 என்று அச்சடித்திருந்தது, கிட்டத்தட்ட அங்கேயே விழுந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உடைந்துபோகும், அதைப் போடாதீர்கள். பாத்திரம் அப்பத்தாவுடையது என்றால் அவர் தூங்கும் நேரமாகப் பாருங்கள்.

மாட்டும்போது மெழுகுக் குமிழும் ஸ்பிரிங்கும் என்ஜின் பக்கம். காற்றுப் போகும் சின்னத் துளை இருந்தால் அது மேலே. மூடியின் போல்ட்டுகளுக்கு ரிங் ஸ்பானர்தான். ஓப்பன் ஸ்பானரைப் போட்டு ஒரு போல்ட்டை நான் முறித்தேன். முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். கேஸ்கெட்டுக்குப் பேப்பர் போதும். டியூப் சீலன்ட்டை வழிய வழியப் பூசினால் உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஹீட்டர் கோரைத்தான் அடைக்கும்.

ஹீட்டர் குழாய் எங்கே சேர வேண்டும்

இந்த வண்டிக்கு ஹீட்டர் நானே மாட்டியது. காரைக்குடியில் பழைய சாமான் என்றால் முனீஸ்வரன் கோயில் தெரு. தேக்குத் தூணும் பீங்கான் ஜாடியும் அங்கே கிடைக்கும், ஹீட்டர் கோர் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில் பழையதாக வாங்கினேன்.

சூடான தண்ணீரை எடுக்கும் இடம் சிலிண்டர் ஹெட்டில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால். திரும்பும் குழாய் வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம். ரேடியேட்டர் மேல் ஹோஸில் T வடிவ இணைப்புப் போட்டு எடுத்தால் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஹீட்டருக்கு ஒன்றும் வராது. உள்ளே வரும் குழாயில் ஒரு வால்வு வையுங்கள், நம் ஊர் வெயிலில் மூடி வைக்க.

காற்று அடைப்பு: என் முட்டுச்சந்து

எல்லாம் மாட்டியும் சூடு வரவில்லை. உள்ளே போகும் ஹோஸ் சுடுகிறது, வெளியே வரும் ஹோஸ் பச்சைத் தண்ணீர்போல் இருக்கிறது. காரணம், என் ஜீப்பில் ஹீட்டர் கோர் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. காற்று அங்கே போய்க் குந்திக்கொண்டு தண்ணீரை விடவில்லை.

வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்த வேண்டும். எங்கள் ஊரில் மேடு என்றால் கண்மாய்க் கரைதான். கரை ஏறும் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் போட்டேன். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸைக் கோரிலிருந்து கழற்றி, கோரின் வாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை ரேடியேட்டரில் மெதுவாக ஊற்றினேன். ஹோஸை மாட்டி, ஹீட்டர் வால்வைத் திறந்து, மூடியில்லாமலே ஐடிலில் ஓடவிட்டு ஹோஸ்களைப் பிசைந்துகொண்டே இருந்தேன். குபுகுபுவென்று குமிழி வந்தது. மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். குமிழி நின்று, திரும்பும் ஹோஸும் சுட ஆரம்பித்ததும் மூடியைப் போட்டேன். புளோயரை, அதாவது ஹீட்டர் விசிறியைத் திருகினால் அனல். கரையில் ஆடு மேய்த்த அண்ணன், “இந்த வெயில்ல ஏந்தம்பி இந்த வேலை?” என்றார்.

ஊற்ற வேண்டியது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ரேடியேட்டருக்கு வேண்டாம்.

மலையில் காலைப் பழக்கம்

ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நிறுத்தியே உறுமவிடாதீர்கள். ஐடிலில் டீசல் என்ஜின் அதிகம் சூடாகாது. ஆயில் பிரஷர் வந்ததும் ஒரு நிமிடம் பொறுத்து, மெதுவாக ஓட்டிப் போங்கள். டெம்பரேச்சர் மீட்டரின் முள் நகரும்வரை புளோயரைப் போடாதீர்கள், வருகிற சூட்டையும் அது தின்றுவிடும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது, வண்டிக்குள் கரியடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கேன்வாஸ் கூரை ஜீப் என்றால் முதலில் பக்கத் திரைகளின் இடுக்கை அடையுங்கள்.

பின்சேர்க்கை

தேவகோட்டையிலிருந்து ஒருவர், தெர்மோஸ்டாட் போட்டதும் முள் 90-க்குப் போகிறது, கழற்றிவிடவா என்று கேட்டிருந்தார். வேண்டாம். அது இருக்க வேண்டிய இடம் அதுதான். இத்தனை நாள் கீழே கிடந்ததுதான் கோளாறு. ஏற்றத்தில் 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மட்டும் ரேடியேட்டரைக் கழுவக் கொடுங்கள்.

இன்னொருவருக்கு ஹீட்டர் போட்டதும் முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப்போல் படலம், இனிப்பு வாசனை. கோர் ஒழுகுகிறது. வழியில் இப்படி ஆனால் என்ஜினை ஆறவிட்டு, இரண்டு ஹோஸையும் கோரிலிருந்து கழற்றி, ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டு, குறைந்த தண்ணீரை ஊற்றிவிட்டால் ஊர் வந்து சேரலாம். அரையடிப் பித்தளைக் குழாயும் இரண்டு கிளிப்பும் என் டூல் பெட்டியில் எப்போதும் கிடக்கும்.