போர் நடக்கும் நாட்டுக்காக மதக் குழுக்கள் குரல் கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்துப் பங்கு ஆலயத்தில் காங்கோவுக்காக ஒரு செப வழிபாடு வைத்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். புழுதி படிந்த முகத்தோடு அழுகிற ஒரு குழந்தை, கீழே பெரிய எழுத்தில் 'காங்கோவைக் காப்போம்'. காணிக்கை எடுத்தார்கள், மனு ஒன்றில் கையெழுத்தும் வாங்கினார்கள். கூட்டம் கலைந்த பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். குழந்தைக்குப் பின்னால் இடிந்த கடை ஒன்றின் பலகை பாதி தெரிந்தது. அதில் இருந்தது அரபு எழுத்து. காங்கோவில் கடைப்பலகையை அரபியில் எழுத மாட்டார்கள். விசாரித்தால், வாட்ஸ்அப்பில் வந்த படமாம்.

அங்கே யாருக்கும் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் அதே படத்தை மனுவின் முதல் பக்கத்திலும் ஒட்டியிருந்தார்கள். அதைப் படிக்கும் அதிகாரி "படமே பொய்" என்று சொல்லி மொத்த மனுவையும் ஓரமாக வைத்துவிடலாம். கோயிலோ சபையோ ஜமாஅத்தோ, போர் நடக்கும் நாட்டைப் பற்றிப் பேசும்போது நமக்கு இருக்கும் ஒரே சொத்து, கேட்பவர் நம்மை நம்புவதுதான். அதைக் கரைக்கிற தவறுகள் சில திரும்பத் திரும்ப நடக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரியது, எந்தப் போரையும் மதப் போர் என்று சொல்லிவிடுவது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 மார்ச்சில் செலேக்கா என்ற கிளர்ச்சிக் கூட்டணி தலைநகர் பாங்கியைப் பிடித்தது. அதில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். போன ஊரெல்லாம் கொள்ளையும் கொலையும். அவர்களை எதிர்த்து 'ஆன்டி பலாக்கா' என்ற குழுக்கள் எழுந்தன. அவர்கள் சாதாரண முஸ்லிம் குடும்பங்களையே வேட்டையாடினார்கள். உலகப் பத்திரிகைகள் உடனே 'முஸ்லிம் படை', 'கிறிஸ்தவப் படை' என்று பெயர் வைத்துவிட்டன.

அந்தப் பெயரைப் பாங்கியின் பேராயர் தியுதோன்னே ன்சபலாயிங்கா ஏற்கவே இல்லை. ஆன்டி பலாக்கா கிறிஸ்தவர்களின் படை அல்ல, இது பதவிக்கான சண்டை என்று போகிற இடமெல்லாம் சொன்னார். இமாம் ஒமர் கோபின் லயாமாவும் போதகர் நிக்கோலா கெரெகோயாமேயும் அவரோடு சேர்ந்து நின்றார்கள். 2013 டிசம்பரில் இமாமின் உயிருக்கு ஆபத்து வந்தபோது பேராயர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். மாதக்கணக்கில் இமாம் அங்கேயே தங்கினார். ஒரே வளாகத்தில் ஒருவர் தொழுகிறார், ஒருவர் திருப்பலி நிறைவேற்றுகிறார். இதைக் கண்ணால் பார்த்த பாங்கிவாசியிடம் போய் "இது மதப் போர்" என்று சொன்னால் எடுபடுமா?

நம் ஊரில் என்ன நடக்கிறது? "கிறிஸ்தவர்களைக் கொல்கிறார்கள், செபியுங்கள்" என்று ஒரு குழுவில் செய்தி வருகிறது. "முஸ்லிம்களை அழிக்கிறார்கள், துஆ செய்யுங்கள்" என்று இன்னொரு குழுவில் வருகிறது. சில நேரம் இரண்டும் ஒரே நாட்டைப் பற்றி, ஒரே வாரத்தில். மதத்துக்காகவே மக்களை ஒடுக்கும் இடங்கள் உலகத்தில் நிச்சயம் உண்டு, அதை மறைக்கவும் கூடாது. ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த நாட்டு ஆயர் பேரவை (கத்தோலிக்க பிஷப்புகளின் கூட்டமைப்பு) என்ன சொல்கிறது, அங்கிருக்கும் இமாம்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். அவர்களே ஒன்றாக உட்கார்ந்து பேசும்போது, ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் நாம் அவர்களைப் பிரித்துப் பேசுவது அவர்கள் உயிருக்கே உலை வைக்கும்.

பாங்கியின் பேராயர், இமாம், போதகர் என்ற அந்த மூவரிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. வெறுமனே 'அமைதி வேண்டும்' என்று அவர்கள் நிற்கவில்லை. ஐ.நா. அமைதிப்படை வேண்டும் என்று வெளிநாட்டுத் தலைநகரங்களுக்குச் சேர்ந்தே போய்க் கேட்டார்கள். 2014 ஏப்ரலில் பாதுகாப்பு சபை தன் 2149-ஆம் தீர்மானத்தில் 10,000 படைவீரர்களையும் 1,800 காவலர்களையும் அனுப்ப ஒப்புக்கொண்டது. அதற்கு வேறு பல காரணங்களும் இருந்தன என்றாலும், இவர்கள் கேட்டது செய்யக்கூடிய ஒன்று, கேட்ட இடம் சரியான இடம். நாம் எழுதும் மனுக்களில் பெரும்பாலும் இந்த இரண்டுமே இருப்பதில்லை. 'உலக நாடுகள் தலையிட வேண்டும்' என்று எழுதினால் அதைப் படிக்கும் எம்.பி. என்ன செய்வார்? 'இந்த நாட்டுக்குப் போகும் நிவாரண நிதியைக் குறைக்காதீர்கள்' என்றோ, 'இந்தக் கேள்வியை நாடாளுமன்றத்தில் எழுப்புங்கள்' என்றோ எழுதினால் அவருக்கு ஒரு வேலை கிடைக்கும்.

அடுத்தது, உதவியோடு மதப் பிரசாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோவது. 2007 ஜூலையில் தென்கொரியச் சபை ஒன்றின் தொண்டர்கள் 23 பேர் ஆப்கானிஸ்தானில் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் பேருந்தில் போனபோது, வழியில் கஜினி மாகாணத்தில் தாலிபான் அவர்களைக் கடத்தியது. இருவரைக் கொன்றார்கள். மற்றவர்கள் ஆகஸ்ட் கடைசிக்குள் விடுதலையானார்கள். அதற்காகக் கொரிய அரசு ஒப்புக்கொண்டவற்றில் ஒன்று, ஆப்கானிஸ்தானில் கொரியர்களின் மதப் பணியை நிறுத்துவது. போனவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்ல மாட்டேன். கடத்தியவர்களின் குற்றம் கடத்தியவர்களுடையதுதான். ஆனால் மருந்துப் பெட்டி கொண்டு வருபவர் இன்னொரு நோக்கத்தோடு வருகிறார் என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்துவிட்டால், அடுத்து வரும் மருத்துவரையும் அது விடாது. செஞ்சிலுவைச் சங்கமும் நிவாரண அமைப்புகளும் சேர்ந்து 1994-இல் வகுத்த நடத்தை விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது: உதவியை எந்த அரசியல் நிலைப்பாட்டையும் மத நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது. மத அமைப்புகளும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. கையில் சோற்றுப் பொட்டலம் இருக்கும்போது துண்டுப் பிரசுரம் வேண்டாம்.

அதிகாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வதும் அதே அளவு ஆபத்து. ருவாண்டாவில் கிகாலியின் பேராயராக இருந்த வின்சென்ட் ன்செங்கியும்வா பல வருடங்கள் ஆளுங்கட்சியின் மத்தியக் குழு உறுப்பினராகவே இருந்தார். 1994-இல் இனப்படுகொலை தொடங்கியபோது, அந்த அரசைத் தட்டிக்கேட்கும் குரல் திருச்சபைத் தலைமையிடம் இல்லை. தஞ்சம் தேடி ஆலயங்களுக்குள் ஓடிய மக்களை ந்யாமாட்டாவிலும் ந்தாராமாவிலும் உள்ளேயே வைத்துக் கொன்றார்கள். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்காக மன்னிப்பை மன்றாடினார். அமைச்சர் மேடைக்கு அழைக்கிறார், சால்வை போர்த்துகிறார் என்றால் யோசியுங்கள். நாளை அதே அமைச்சருக்கு எதிராகப் பேசவேண்டி வந்தால், அந்தப் புகைப்படம் உங்கள் வாயை அடைக்கும்.

சரி, மேடை என்றதும் இன்னொன்று. பல்சமய அமைதி மாநாடு என்று சுவரொட்டி பார்த்தால், வரிசையாக அங்கி, தாடி, காவி. எல்லாரும் ஆண்கள். பெண்கள் குத்துவிளக்கு ஏற்றும்போது தீப்பெட்டி நீட்டுவார்கள். உள்நாட்டுப் போர் நடந்த லைபீரியாவில் நடந்தது வேறு. 2003-இல் லேமா போவி என்ற லூத்தரன் சபைப் பெண் கிறிஸ்தவப் பெண்களைத் திரட்டினார். முஸ்லிம் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தைப் பக்கத்துத் திடலில் வெயிலிலும் மழையிலும் நாள்கணக்காக உட்கார்ந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லர் அவர்களைச் சந்தித்தே ஆகவேண்டிய நிலை வந்தது. கானா நாட்டின் அக்ராவில் அமைதிப் பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுத்தடித்தபோது, அந்தப் பெண்கள் மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்து, ஒப்பந்தம் போடாமல் உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக்கூடாது என்றார்கள். ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களில் பெரும்பாலோர் மதத் தலைவர்கள் இல்லை.

பொறுமையில்லாமல் விளம்பரம் தேடுவதையும் சொல்லவேண்டும். மொசாம்பிக்கில் 1977-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரை நிறுத்த உதவியது ரோமிலுள்ள சான்ட் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் (குருக்களோ துறவிகளோ அல்லாத சாதாரண விசுவாசிகள்) இயக்கம். பல வருடங்கள் உணவும் மருந்தும் அனுப்பித்தான் அந்த நாட்டோடு அவர்கள் உறவை வளர்த்தார்கள். பெய்ரா நகரத்துப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ் 1988-இல் காட்டுக்குள் போய்க் கிளர்ச்சித் தலைவரைச் சந்தித்தார். 1990 ஜூலையில் பேச்சு தொடங்கியது. முதல் அறிக்கையில் இரு தரப்பும் தங்களை 'ஒரே பெரிய மொசாம்பிக் குடும்பத்தினர்' என்று சொல்லிக்கொண்டதே பெரிய விஷயம். கையெழுத்தானது 1992 அக்டோபர் 4. இரண்டு வருடத்துக்கும் மேலாக, பெரும்பாலும் கேமராக்களுக்கு எட்டாத இடத்தில் நடந்த வேலை அது. நாம் ஒரு மெழுகுவர்த்தி ஊர்வலம் நடத்தி, படம் போட்டு, அடுத்த மாதம் வேறு பிரச்சினைக்குப் போய்விடுகிறோம்.

பொருள் உதவி பற்றிச் சுருக்கமாக: பழைய துணி மூட்டை கட்டாதீர்கள். பெரும்பாலான இடங்களில் அங்கேயே வேலை செய்யும் அமைப்புக்குப் பணமாகக் கொடுப்பதுதான் பயன்படும். லாரி வாடகையும் துறைமுகக் கட்டணமும் மிச்சம், உள்ளூர்க் கடைக்காரருக்கும் நாலு காசு போகும். அப்புறம், குழந்தைகளின் முகத்தைப் போஸ்டரில் போடாதீர்கள், படம் உண்மையானதாகவே இருந்தாலும்.

கடைசியாக, எண்கள். உணர்ச்சிவசப்பட்டு எண்ணைக் கூட்டிச் சொல்வது நம்மிடம் மிகச் சாதாரணம். எண்ணை எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், 2011 ஜனவரியில் இலங்கை அரசின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்பு ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) பதிவுப்படி 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஐ.நா. அறிக்கைப்படி 2,82,380 பேர். மிச்சம் 1,46,679. அவரே ஆள் வைத்து எண்ணியிருந்தால் ஒரே நாளில் பொய் என்று தள்ளியிருப்பார்கள். அவர் எடுத்தது அரசு அலுவலகத்தின் பதிவையும் ஐ.நா. அறிக்கையையும். பள்ளிப்பிள்ளையும் போட்டுப் பார்க்கக்கூடிய கழித்தல் கணக்கு.

அந்த எண்ணைக் 'கொல்லப்பட்டவர்கள்' என்று எழுதும் பதிவுகளை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன். ஆயர் அப்படிச் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் என்று சொல்லி, விளக்கம் கேட்டார். 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி அவர் காலமானார். அந்த எண்ணை எடுத்தாளும்போது அவர் கேட்ட மாதிரியே கேளுங்கள்: இந்த 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று?