"விளங்கும், கதைக்க மாட்டான்": புலம்பெயர்ந்த வீடுகளில் நாம் விடும் பிழைகள்

கனடாவின் ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும்: "இவனுக்குத் தமிழ் நல்லா விளங்கும், கதைக்கத்தான் மாட்டான்." என் மூத்தவனைப் பற்றி நானும் நாலைந்து வருடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

முதல் பிழை பயத்தில் நடக்கிறது. இரண்டு வயதாகியும் பிள்ளை சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. "ரெண்டு மொழி குழப்புது, வீட்டில ஆங்கிலம் மட்டும் கதையுங்கோ" என்று யாரோ சொல்ல, தமிழ் அன்றோடு நிற்கிறது. பேச்சுத் தாமதத்துக்கு இரண்டு மொழி காரணமில்லை. ஆங்கிலத்தில் 30 சொல்லும் தமிழில் 30 சொல்லும் தெரிந்த பிள்ளையிடம் ஆங்கிலத்தை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். உண்மையான சிக்கல் என்றால் இரண்டு மொழியிலும் தெரியும். அப்போது பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள், தமிழை விட்டுவிடாமல். நமக்குச் சரளமில்லாத ஆங்கிலத்துக்கு மாறினால் வீட்டில் மிஞ்சுவது "ஈட்", "ஸ்லீப்", "ஸ்டாப்" மட்டுமே.

இன்னொன்று சத்தமில்லாமல் நடப்பது. நாம் தமிழில் கேட்கிறோம், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. "சாப்பிட்டாச்சோ?" "யெஸ்." "வீட்டுப்பாடம்?" "டன்." கேட்பதெல்லாம் ஒரு சொல்லில் முடிகிற கேள்வி, வேலைக்களைப்பில் நாமும் விட்டுவிடுகிறோம். என் வீட்டில் இது வெளிச்சத்துக்கு வந்தது வட்ஸ்அப்பில். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கூப்பிட்டு, "என்னப்பு, இண்டைக்கு என்ன செய்தனீ?" என்று கேட்டார். அன்று ஹாக்கியில் கோல் போட்டிருந்த எட்டு வயதுக்காரன் "நான்... நான்..." என்று இரண்டு தரம் தொடங்கி, போனை என்னிடம் நீட்டினான்: "யூ டெல் ஹெர்." கேட்டது முழுக்க விளங்கியிருந்தது.

அதன் பிறகு கேள்வியை மாற்றினேன். "எப்படி நடந்தது, சொல்லுங்கோ பாப்பம்?" ஆங்கிலத்தில் சொன்னால் அதையே தமிழில் திருப்பிச் சொல்லி, இன்னொரு கேள்வி போடுவேன். எனக்கு ஆங்கிலம் விளங்காது என்று நடிக்கவில்லை. வேலையிடத்தோடு நான் கதைப்பதை தினமும் கேட்கிற பிள்ளையிடம் அது எடுபடாது.

சிரிப்பதும் பெரிய பிழை. "அம்மா, நான் குளிர்" என்றான் ஒருநாள். வந்திருந்த உறவினர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் முன்னால் அவன் பிறகு தமிழில் வாய் திறக்க மாசக்கணக்கானது. "குளிருதோ? ஸ்வெட்டரைப் போடுங்கோ" என்றால் திருத்தமும் ஆயிற்று, குளிருக்கு வழியும் ஆயிற்று.

ஒன்ராறியோவில் கல்விச்சபைகள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாரத்தில் இரண்டரை மணி நேரந்தான். எழுத்து படிக்கலாம், பேச்சையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது. அதேபோல, ஆங்கிலம் நன்றாக வருகிறது என்பதற்காக அப்பப்பாவின் மருத்துவ முடிவைப் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியாக, இரண்டு மொழியின் நன்மைகளுக்கு நாம் கொடுக்கிற அளவுக்கு மீறிய விளம்பரம். இரண்டு மொழி பிள்ளையின் அறிவைக் கெடுக்கும் என்ற பழைய நம்பிக்கையை 1962இல் மொன்றியலில் உளவியலாளர்கள் பீல், லாம்பர்ட் இருவரின் ஆய்வு ஆட்டியது. 2007இல் ரொறன்ரோவில் உளவியலாளர் எலன் பியாலிஸ்டாக் குழு 184 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, இருமொழியாளரிடம் மறதிநோய் அறிகுறிகள் சுமார் நான்கு ஆண்டு பிந்தித் தெரிந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்பவில்லை. வாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும், எழுபது வயது மறதியைக் காட்டி எட்டு வயதை இழுக்க முடியாது. அவனுக்குக் கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

போன மாசம் அவனே போனை எடுத்தான். "அம்மம்மா, நான் அடிச்சன், கோலி விழுந்திட்டான்!"

"கோலியோ? அவன் கிரிக்கெட்டெல்லோ விளையாடுறவன்?"

கோல்காப்பாளர் யார் என்று விளக்க அவனுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. போன் என் கைக்கு வரவேயில்லை.